ஸ்டீராய்டு போடும் முன் ரத்தம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விறகடுப்பு, பீடி, முந்திரி ஆலைப் புகை என்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் உண்டு. அவர்கள் மூச்சுத் திணறி வரும்போது முதல் ரத்தப் பரிசோதனையே பல முடிவுகளைத் தீர்மானிக்கிறது. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைக்கான ரத்தத்தை ஸ்டீராய்டு ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் அந்த எண் சரிந்துவிடும். பிறகு வரும் அறிக்கையை நம்பி ஸ்டீராய்டு பயன்தருமா என்று கணிக்க முடியாது.

ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவை அறிய, தமனி ரத்தத்தை ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள சிரிஞ்சில் எடுத்து, காற்றுக் குமிழை அப்போதே வெளியேற்றி, 30 நிமிடத்துக்குள் சோதியுங்கள். குமிழ் இருந்தால் கரியமில வாயு குறைத்துக் காட்டும்; தாமதித்தால் கூட்டிக் காட்டும். பி.எச். (ரத்தத்தின் அமில-காரத் தன்மை) 7.35-க்குக் கீழ், கரியமில வாயு அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்றால் முகமூடி வென்டிலேட்டர் தேவைப்படலாம். அந்த நிலையில் தவறான எண் ஆபத்தானது.

பாக்டீரியாத் தொற்றைக் கணிக்க உதவும் புரோகால்சிடோனின் ரத்தத்தில் குறைவு என்பதற்காக மட்டும் தீவிர நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது சரியல்ல.

பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது, ஸ்டீராய்டு போட்ட நேரத்தையும் ஆக்சிஜன் எத்தனை லிட்டர் என்பதையும் பரிந்துரைச் சீட்டில் எழுதுங்கள். வழியில் நோயாளியின் ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

— நுரையீரல் சிகிச்சைப் பணியாளர்கள், நாகர்கோவில்