மழைக்கு முன்னே மாடியை ஒழித்துவைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் ஏரி, கால்வாய், வாறுகால் ஆகியவற்றைத் தூர்வாரும் பணிகள் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. அவை வரவேண்டியவையே. ஆனால், மழை முதலில் விழும் இடமான நம் வீட்டு மொட்டை மாடியைத் தூர்வாருவது பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஓதம் படர்ந்து, நான்காம் நாள் சொட்டத் தொடங்கியது. தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்று அஞ்சியே கொத்தனாரை அழைத்தேன். அவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் வடிவதற்கான வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா, தண்ணீர் போகிற வாயைத்தான் அடைத்து வைத்திருக்கிறீர்கள்" என்றார். வீடு கட்டியபோது மிஞ்சிய தட்டோடுகள், இறுகிப்போன சிமெண்டு மூட்டைகள், கால் ஒடிந்த கட்டில், உடைந்த கழுவுதொட்டி, என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்த இரண்டு டயர்கள் என எல்லாமே கைப்பிடிச் சுவர் ஓரமாக, வடிகுழாயின் வாயை மறைத்துக்கொண்டு கிடந்தன. வேப்பிலைச் சருகும் மக்கிய சாக்கு நாரும் சேர்ந்து குழாய்க்குள் களிமண்போல இறுகியிருந்தன. தேங்கிய நீர் போக வழியின்றித் தட்டோட்டின் இணைப்புகள் வழியே கீழே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கும் நீர் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்றும், துரு ஏறிய கம்பி பருத்து மேல்பூச்சைப் பிளந்து தள்ளும் என்றும் அவர் விளக்கினார். பல வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து விழுவதற்குக் கட்டுமானத்தை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதே வாரத்தில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர், அந்த டயருக்குள் விளக்கை அடித்து, நெளிந்துகொண்டிருந்த புழுக்களைக் காட்டினார். கீழ்வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை; தெளிந்து தேங்கிய சிறிதளவு மழைநீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகின்றன. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கக்கூடியவை. ஆகவே நீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. பூந்தொட்டித் தட்டு, பறவைக்கு நீர் வைக்கும் சட்டி போன்று வேண்டியவற்றை உட்புறம் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேண்டாதவற்றை மாடியைவிட்டே அகற்ற வேண்டும்.

2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதை நாம் அறிவோம். மணலும் சரளையும் இட்ட தொட்டியைக் கீழே கட்டிவிட்டு, மேலே குப்பை மேட்டின் வழியாக மழைநீரை வடியவிட்டால், அந்த அழுக்குத்தான் நிலத்தடிக்குப் போகும், அல்லது தொட்டியே அடைத்துக்கொள்ளும்.

மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. மனிதர் நடமாடும் மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற அளவிலேயே பாரம் கணக்கிடப்படுகிறது. பாதியாக வெட்டிய பீப்பாயில் ஈரமண்ணை நிரப்பினால் அந்த ஒன்றே அந்த எடையை எட்டிவிடும். தென்னை நார்க்கழிவு கலந்த இலேசான கலவையைப் பயன்படுத்தி, தொட்டிகளைத் தளத்தோடு ஒட்டாமல் செங்கல் மீது உயர்த்தி, அடியில் சுவர் தாங்கும் ஓரங்களில் வைப்பது நல்லது.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் மாடி என்பது வீட்டின் மற்றோர் அறை. சித்திரை, வைகாசியில் மாலையில் நீர் தெளித்துச் சூடு தணித்து, இரவில் பாய் விரித்து எல்லோரும் அங்கேதான் படுப்போம். பங்குனி வெயிலில் வெள்ளை வேட்டி விரித்து வடகம் பிழிவதும், காக்கைக்குக் காவலாக ஒரு பிள்ளையை உட்கார்த்தி வைப்பதும், பௌர்ணமியன்று பாட்டி நிலாச்சோறு உருட்டிக் கையில் வைப்பதும் அங்கேதான். கொத்தனார் வந்துபோன பின் நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியை ஒழித்தோம். ஓராண்டாகத் தொடாத பொருள் அடுத்த ஓராண்டிலும் தொடப்படாது என்பதை மட்டுமே அளவாக வைத்துக்கொண்டோம். இரும்பும் அலுமினியமும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தட்டோடுகளைத் தெருவில் வீடு கட்டுபவர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார். இப்போது மாலை வேளைகளில் அங்கே இரண்டு நாற்காலிகளும் ஒரு துளசித் தொட்டியும் மட்டுமே இருக்கின்றன. கீழ்வீட்டுக் குழந்தை அங்கே பட்டம் விடுகிறது.

ஆனால் மெத்தை, சோபா, உடைந்த பீங்கான், டயர், பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றை என்ன செய்வது என்பதில்தான் திணறினோம். அன்றாடம் வரும் குப்பை வண்டியில் இவற்றை ஏற்ற இடமில்லை. பழைய பொருள் வாங்குவோருக்கும் இவை வேண்டாம். இதனால்தான் பலர் இவற்றை மீண்டும் மாடிக்கே ஏற்றுகிறார்கள், அல்லது இரவோடு இரவாக வாய்க்கால் ஓரத்தில் தள்ளுகிறார்கள், போகியன்று கொளுத்துகிறார்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் வேண்டுகோள் விடுக்கிறது. போகியோ மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் வருகிறது. மாடியை ஒழிப்பதற்கு அது காலம் கடந்த நாள். மழைக்குச் சற்று முன் வரும் ஆயுத பூசைக்காக நாம் வீடு முழுவதையும் கழுவித் துடைக்கிறோம். அந்தத் துடைப்பம் இன்னும் பதினைந்து படிகள் ஏறினால் போதும்.

எனவே, உள்ளாட்சி அமைப்புகள் ஆயுத பூசைக்கு முந்தைய வாரத்தில் வார்டுதோறும் ஒரு நாளை முன்கூட்டியே அறிவித்து, பெரிய கழிவுப் பொருட்களையும் மின்னணுக் கழிவுகளையும் வீட்டு வாசலிலேயே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளில் பொருட்களைக் கீழே இறக்கித் தர ஆள் உதவியும் வேண்டும். அதற்கு நியாயமான கட்டணம் வைத்தாலும் மக்கள் கொடுப்பார்கள். அந்த நாள் எதுவென்பதைத் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை மாவட்டம்.