பார்ட்ஸை மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது, என் காரின் சக்கரம் பாதிவரை மூழ்கிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் ஏறவில்லை, வண்டியும் ஸ்டார்ட் ஆனது, தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு நாள் டாஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஸ்டீயரிங், இன்ஜின் என்று மூன்று எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் அணைந்தன, ராத்திரி ஹெட்லைட் போட்டதும் மறுபடி வந்தன.

ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்து ஏபிஎஸ் சென்சார், அதையும் மாற்றினேன். அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரே போய்விட்டது என்றார்கள். அதற்குச் சொன்ன விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்தது, ஆகவே ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது, அதில் குறை இல்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்துக்கொண்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போடச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியின் மைனஸை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். அரை மணி நேர வேலை, அன்றிலிருந்து ஒரு விளக்கும் எரியவில்லை.

அவர் சொன்ன காரணம் எளிதானது. எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குப் போதிய வோல்டேஜ் கிடைக்காது, ஒவ்வொன்றும் தன் பகுதியில்தான் ஏதோ கோளாறு என்று விளக்கைப் போட்டுவிடும். சம்பந்தமே இல்லாத விளக்குகள் சேர்ந்து எரிந்தால் பேட்டரி டெர்மினல், சார்ஜிங், எர்த் மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வந்தால் அந்த சர்க்யூட்டில் ஏதோ பிரச்சினை என்றுதான் அர்த்தம், ஒயரோ கனெக்டரோ கூட காரணமாக இருக்கலாம், சென்சாரையே மாற்று என்று அது சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா விளக்கையும் எர்த் என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய்க்குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தாலோ, டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதிக் கொடுங்கள். எங்கே எத்தனை வோல்ட் இருந்தது என்பதை பில்லிலேயே குறியுங்கள். கழற்றிய பழைய பார்ட்டை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர் ஒருவர்