டோக்கியோவின் முதல் நாட்களை எதற்குக் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் அண்மையில் வெளியான ஜப்பான் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதல் நாள் டோக்கியோவின் அசகுசா, ஸ்கைட்ரீ கோபுரம், ஷிபுயா. இரண்டாம் நாள் ஃபூஜி மலை. மூன்றாம் நாள் விடிந்ததும் புல்லட் ரயிலில் கியோத்தோ என்று அதில் வகுத்திருந்த திட்டம், பயண நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் துண்டறிக்கைகளிலிருந்து பெரிதாக மாறுபடவில்லை. பணி ஓய்வு பெற்ற பின் நானும் என் கணவரும் சென்ற இலையுதிர்காலத்தில் எந்தக் குழுவிலும் சேராமல் டோக்கியோ சென்று வந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதன்முறையாகப் போகும் தம்பதியர், அதிலும் அறுபதைக் கடந்தவர்கள், தொடக்க நாட்கள் முழுவதையும் டோக்கியோவுக்கே ஒதுக்க வேண்டும். ஃபூஜியும் கியோத்தோவும் காத்திருக்கும்.

இதற்கு முதல் காரணம் உடம்பு. ஜப்பானியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடுதி வாசலில் காலை 7 மணிக்குப் பேருந்து நிற்கும் என்றால், நம் உடம்புக்கு அது விடியற்காலை மூன்றரை மணி. நவம்பர் கடைசியில் அங்கே மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே நாளில் ஐந்து இடங்களைத் திணித்தால், பார்த்தது எது, பேருந்தில் தூங்கியது எது என்று பிறகு நினைவிருக்காது. அசகுசாவில் நாங்கள் சந்தித்த தமிழ்க் குழு ஒன்றுக்கு அந்த வட்டாரம் முழுவதையும் பார்க்க முக்கால் மணி நேரமே கொடுத்திருந்தார்கள். அதில் பாதி நேரம் கழிப்பறை வரிசையிலும் படம் எடுப்பதிலும் கழிந்தது என்று ஓர் அம்மாள் வருத்தத்தோடு சொன்னார்.

இரண்டாவது காரணம் ரயில். டோக்கியோவின் ரயில் பழகிவிட்டால் ஊர் பழகிவிடும். அது பழகாதவரை எவ்வளவு செலவு செய்தாலும் அந்நியராகவே இருப்போம். எங்கள் விடுதி ஷின்ஜுகுவில் இருந்தது. உலகிலேயே மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று பெயர் பெற்ற அதற்கு 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் உண்டு. தவறான வாயில் வழியே வெளியேறிவிட்டால், போக வேண்டிய கட்டடம் கண்ணெதிரே தெரிந்தாலும் அதை அடையக் கால் மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே வண்டியை விட்டு இறங்கும் முன்பே எந்த வாயில் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்தூக்கி எல்லா வாயில்களிலும் இருப்பதில்லை. நடைமேடையில் உள்ள வரைபடத்தில் அது எந்த வாயிலில் இருக்கிறது என்று குறித்திருப்பார்கள். அதைப் பார்த்து நடக்கப் பழகிய பிறகுதான் என் கணவர் படிக்கட்டுகளைக் கண்டு முகம் சுளிப்பதை நிறுத்தினார்.

பழகுவதற்கு ஏற்றது யாமனொதே என்னும் வட்டப்பாதை. 34.5 கிலோமீட்டர் நீளம், 30 நிலையங்கள். ஏறிய இடத்துக்கே திரும்பி வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காலை நெரிசல் அடங்கிய பிறகு ஜன்னலோரம் நின்று ஒரு முழுச் சுற்று வந்தால், ஷிபுயா, ஷின்ஜுகு, இகெபுகுரோ, உவேனோ, டோக்கியோ மத்திய நிலையம் ஆகியவை ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருக்கின்றன என்பது மனத்தில் பதிந்துவிடும். ஓட்டுநர் அறைக்குப் பின்னாலுள்ள கண்ணாடி வழியே பார்ப்பதும் நல்ல பொழுதுபோக்கு. வெள்ளைக் கையுறை அணிந்த ஓட்டுநர் தாம் சரிபார்க்க வேண்டியவற்றை விரலால் சுட்டிக்காட்டி, அவற்றின் நிலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியை நகர்த்துகிறார். கண், கை, வாய் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது கவனம் சிதறாது என்பதற்காக ஜப்பானிய ரயில்வே நூறாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வரும் முறை இது. கேலியாகச் சிரித்தபடி பார்க்கத் தொடங்கிய நாங்கள், இரண்டு நிலையங்கள் கடப்பதற்குள் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினோம்.

பயணச்சீட்டைப் பற்றித் தங்கள் கட்டுரை சொன்னதுதான் எனக்கு உண்மையில் ஆட்சேபகரமாகப் பட்டது. ஜப்பான் போகிற எவரும் ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கிக்கொண்டே புறப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. 2023 அக்டோபரில் அந்தப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. தொலைதூர ஊர்களுக்கு மாறிமாறிப் பயணிப்பவர்களுக்கு இப்போதும் அது கட்டுபடியாகலாம். டோக்கியோவுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கோ அது வீண்செலவு. நகரின் சுரங்க ரயில்களில் அது செல்லுபடியாகாது. சுரங்க ரயிலிலும் இரு நிர்வாகங்கள் உண்டு: டோக்கியோ மெட்ரோவுக்கு 9 தடங்கள், மாநகர நிர்வாகத்தின் தோஎய்க்கு 4 தடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கட்டணம் கூடும். வெளியூர்ப் பயணிகளுக்கென 24, 48, 72 மணி நேரச் சீட்டுகள் இருக்கின்றன. அவை இரண்டிலும் செல்லும். முதன்முதலில் வாயிலில் நுழைத்த நேரத்திலிருந்துதான் அவற்றுக்குக் கணக்குத் தொடங்குகிறது. ஆகவே மதியம் தொடங்கிய 24 மணி நேரச் சீட்டில் மறுநாள் காலையும் பயணிக்கலாம். இதையெல்லாம் கணக்குப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் சுயிகா அல்லது பாஸ்மோ அட்டையில் பணம் போட்டுக்கொண்டால் போதும். கடைகளிலும் தானியங்கி விற்பனைப் பெட்டிகளிலும்கூட அவை செல்லும்.

இனி அசகுசா. சென்சோஜி கோயிலின் தோற்றத்தை 628-ஆம் ஆண்டு என்று மரபு சொல்கிறது. சுமிதா ஆற்றில் வலை வீசிய சகோதரர் இருவருக்குக் கன்னோன் என்னும் பௌத்தக் கருணைத் தெய்வத்தின் திருவுருவம் கிடைத்ததாகக் கதை. சிவப்புக் காகித விளக்கு தொங்கும் வாயிலையும் நகமிசே கடைத்தெருவையும் எல்லாக் குழுக்களுக்கும் காட்டுகிறார்கள். ஆனால் இன்று நாம் காணும் பெரிய மண்டபம் 1958-இல் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. 1945 மார்ச் 10 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் பழைய மண்டபமும் அதைச் சுற்றியிருந்த மரவீடுகளும் எரிந்தன; அந்த ஓர் இரவில் மாண்டவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நெருப்பில் கருகிய தழும்போடு பிழைத்த கிங்கோ மரம் ஒன்று கோயில் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. நாங்கள் போனபோது அதன் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. மரத்தின் அடியில் இருந்த எங்களைத் தவிர வேறு யாரும் அங்கே நின்று பார்க்கவில்லை.

அங்கிருந்து ஆற்றோரமாக வடகிழக்கில் சிறிது தூரம் நடந்தால் மட்சுசியாமா என்ற சிறு மேடு வரும். அதன்மேல் உள்ள கோயிலில் எழுந்தருளியிருப்பவர் கங்கிதென், ஷோதென் என்றெல்லாம் ஜப்பானியர் வழங்கும் யானைமுகக் கடவுள். அவருக்குப் படைப்பது வெள்ளை முள்ளங்கி! படிகளிலும் தூண்களிலும் விளக்குகளிலும் எங்கு திரும்பினாலும் இரட்டை முள்ளங்கியும் பணப்பையுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கோயிலிலேயே முள்ளங்கியை வாங்கி, இரு கைகளாலும் ஏந்திச் சென்று சந்நிதியில் வைக்கிறார்கள். படைத்தவற்றில் ஒரு பகுதியை வருகிறவர்கள் எடுத்துச் செல்லலாம். ஜனவரி 7 அன்று முள்ளங்கித் திருவிழாவே நடக்கிறது. மூல உருவம் யாருக்கும் காட்டப்படுவதில்லை. படியேற முடியாதவர்களுக்காக மேட்டின் ஓரமாகச் சிறு தண்டவாளப் பெட்டி ஒன்றும் ஓடுகிறது என்பதை மூத்த வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். இதைக் கண்டு, நம் பிள்ளையாரையே அவர்கள் கும்பிடுகிறார்கள் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தந்திர பௌத்தத்தோடு சீனா வழியாகச் சென்று, அங்கே வேறொரு வடிவமும் வேறொரு வழிபாட்டு முறையும் பெற்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவர்களுடையவராகவே வாழ்ந்து வருபவர் அவர். விருந்தினராக நின்று வணங்கிவிட்டு வருவதே முறை.

அசகுசாவிலிருந்து உவேனோவுக்கு நாங்கள் கின்சா தடத்தில் சென்றோம். 1927 டிசம்பர் 30 அன்று இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 2.2 கிலோமீட்டர் தொலைவுக்குத் திறக்கப்பட்டதுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில் பாதை. உவேனோவில் ஷினோபாசு குளத்தின் நடுத்தீவில் இருக்கிறது பென்சைதென் கோயில். சரஸ்வதி அங்கே அந்தப் பெயரில் இசைக்கும் நீருக்கும் செல்வத்துக்கும் உரியவளாக வணங்கப்படுகிறாள். குளத்தில் தாமரை பூப்பது கோடையில்தான். நாங்கள் கண்டதோ காய்ந்த தண்டுகளும் அவற்றினூடே நீந்திய வாத்துகளுமே.

உணவைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரே வரியில் ‘சைவ உணவு எளிதாகக் கிடைக்கும்’ என்று முடித்துவிட்டது. அது சரியன்று. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் கத்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிய துருவலில் எடுப்பது. மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், வேகவைத்த காய்கறியிலும், முட்டைச் சுருளிலும் அது இருக்கும். மேலே மீன்துண்டு மிதக்காததால் மட்டுமே ஒரு கிண்ணம் சைவமாகிவிடாது. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீன்சாற்றைப் பற்றிச் சொன்னதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதையும் தனியே கேட்க வேண்டும். அசைவம் தொடாத நான் பெரும்பாலும் உமேபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை, பழம், தயிர், ரொட்டி என்று காலம் தள்ளினேன். மூலைக்கு மூலை உள்ள 24 மணி நேரக் கடைகளில் அவை கிடைக்கும். இட்லி தோசைக்கு ஏக்கம் வந்தால் டோசாய் தடத்தில் ஏறி நிஷி கசாய் போகலாம். தகவல் தொழில்நுட்ப வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதி அது. நிலைய வாசலிலேயே தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது.

ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற உணவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலேய அரசு தேடிய புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் 1915-இல் ஜப்பானுக்குத் தப்பியபோது அவரை ஒளித்துவைத்துக் காத்தவர்கள் இந்தக் கடையை நடத்திய சோமா குடும்பத்தார். அவர்களின் மகள் தோஷிகோவை அவர் மணந்தார். அவர் கற்றுக்கொடுத்த இந்தியக் கோழிக் குழம்பை 1927-இல் கடை விற்கத் தொடங்கி, இன்றும் விற்கிறது. பின்னாளில் மலேயாத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் இவரே. என் கணவர் எலும்போடு கூடிய அந்தக் கோழிக் குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காரம் போதாது என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு வரலாற்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹராஜுகு நிலையத்தை ஒட்டிய மெய்ஜி கோயில் வனத்துக்கு அரைநாள் ஒதுக்கலாம். ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காடு இயற்கையாக வளர்ந்ததன்று. 1920-இல் கோயில் எழும்பியபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு, ஒரு நூற்றாண்டுக்குள் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வகையில் திட்டமிட்டு உருவாக்கினார்கள். பாதை முழுவதும் சரளைக்கல் என்பதால் சக்கர நாற்காலிக்குச் சிரமம்.

எல்லாமே மெச்சத் தக்கவை என்று சொல்லமாட்டேன். 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயிலில் நடந்த சரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் குப்பைத்தொட்டிகளைப் பொது இடங்களிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோலைக்கூடப் பையில் சுமந்துகொண்டு திரிய வேண்டும். தெருக்களில் உட்கார இருக்கைகள் அரிது. முதியோர் நிறைந்த நாட்டில் இது எனக்குப் பெரும் புதிராக இருந்தது. மறுபுறம், கட்டணமில்லாத, தூய்மையான, தண்ணீர் பீய்ச்சும் வசதியுள்ள கழிப்பறைகள் நிலையங்களில் பரவலாக இருக்கின்றன. காகிதத்துக்கு அஞ்சி வெளிநாட்டுப் பயணத்தையே தவிர்க்கும் நம்மவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

ஃபூஜி மலையைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணமில்லாத பார்வைக் கூடம் இருக்கிறது. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும் காலை நேரங்களில் மேற்கே ஃபூஜி அங்கிருந்தே தெரியும். கோடையில் மலையடிவாரத்துக்கே போனாலும் மேகம் மறைத்துவிடுவது வழக்கம். ஆகவே மலைக்கென்று முன்கூட்டியே ஒரு தேதியைக் கட்டிப்போடாமல், வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகு புறப்படுவதே நல்லது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி வெளிநாட்டு நகரங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, கால நேர வேறுபாடு, மின்தூக்கி உள்ள நிலைய வாயில்கள், நடக்க வேண்டிய தூரம், சைவ உணவின் உண்மை நிலை, நடப்பு ஆண்டின் பயணச்சீட்டு விலை ஆகியவற்றைத் தனிக் கட்டமாகச் சேர்த்து வெளியிடுங்கள். பயண நிறுவனம் ஒன்று எழுதித் தந்த கட்டுரையாக இருந்தால் அதையும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே வாசகர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.