பாயின்ட்டைத் தேய்த்துக் கொடுத்தவருக்கு

சென்ற சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் என் 1967 மாடல் கார் பாதி வழியில் நின்றபோது, தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நான் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்களோ ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறி வரவைக்கும் பாயின்ட்டின் முனை கரிந்து கிடப்பதைக் காட்டினீர்கள். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து மடித்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டுப் பொறுமையாகத் தேய்த்தீர்கள். இடைவெளியை அளக்கும் கேஜ் இல்லை. விசிட்டிங் கார்டை நுழைத்தே இடைவெளியை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தீர்கள். (அந்தக் கார்டாவது உங்களுடையதாக இருந்திருக்கக் கூடாதா? என்னுடையது!) சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கையைத் துடைத்தபடி உங்கள் பழைய காரைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் இன்னும் மனதில் ஓடுகிறது. 1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை. தூங்கி எழுந்ததுபோல் முகப்பு விளக்குகள் மேலெழும் வண்டி. "எல்லோரும் தேட ஆரம்பிப்பதற்குள் விற்றுவிட்டேன்" என்று சிரித்தீர்கள். சிரிப்பு அவ்வளவாக ஒட்டவில்லை.

மிக்க நன்றி, ஐயா. உங்கள் விரல் ரேகை எண்ணெயில் பதிந்த அந்தக் கார்டு டாஷ்போர்டில் பத்திரமாக இருக்கிறது.