அத்தானுக்கு: எனக்கு வாளிதான் தெரிந்தது

அத்தானுக்கு,

இன்று அக்டோபர் 25. என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் இந்தத் தேதியில் காலையிலேயே போன் வரும். "என்ன கார்டிகன் துரை, குதிரை ஏறியாச்சா?" என்பீர்கள். "லூக்கன் துரை உத்தரவு கொடுக்கணுமே" என்பேன். அந்த போன் நின்று நாலு வருடம் ஆகிறது.

புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது. ஊரறிய எழுதுவானேன், நேரில் வந்து சொல்லக்கூடாதா என்பீர்கள். நேரில் என்றால் நீங்கள் பாதியிலேயே பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

(வேறு யாராவது படித்தால்: 1854 அக்டோபர் 25, கிரிமியப் போரில் பாலக்லாவா. மேட்டில் நின்ற ஆங்கிலேயத் தளபதி ராக்லனின் உத்தரவைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இலகு குதிரைப்படை ரஷ்யப் பீரங்கி வரிசையை நோக்கி நேரே பாய்ந்த நாள். புத்தகம் அதைப் பற்றித்தான். குதிரைப்படை முழுவதற்கும் தலைவர் லூக்கன், பாய்ந்த பிரிவுக்குக் கார்டிகன். ஆமாம், முன்பக்கம் பொத்தான் வைத்த அந்த ஸ்வெட்டருக்குப் பெயர் கொடுத்த ஆள்தான். ஏழாவது கார்டிகன் பிரபு, ஜேம்ஸ் புருடெனல், 1797 முதல் 1868 வரை.)

கார்டிகன் அத்தியாயத்தை மூன்று தடவை திருப்பி எழுதினேன். அந்த ஆளுக்கு நான் சலுகை காட்டுகிறேன் என்பது உங்கள் பழைய குற்றச்சாட்டு. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏழு பெண்களுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. 1824இல் படையில் சேர்ந்தவர் 1830இல் லெப்டினன்ட் கர்னல், அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய பதவி. 1834இல் 15ஆம் படைப்பிரிவின் தலைமையைப் பறித்தார்கள். இரண்டே வருடத்தில் 11ஆம் படைப்பிரிவு கையில். 40,000 பவுண்டு கொடுத்ததாகப் பேச்சு. அந்தப் பிரிவு அப்போது இந்தியாவில் இருந்தது. வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த அதிகாரிகளைக் கண்டால் இவருக்கு இளக்காரம். அதில் ஒருவர் விருந்தில் மோசல் ஒயினைக் குடுவையில் ஊற்றாமல் கறுப்பு பாட்டிலோடு மேஜையில் வைத்துவிட்டார் என்று 1840இல் இவர் கிளப்பிய ரகளை லண்டன் பத்திரிகைகள் வரை போனது. அதே வருடம் தன் படைப்பிரிவின் முன்னாள் அதிகாரி டக்கெட்டைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டார். அதற்கு 1841இல் பிரபுக்கள் சபையில் விசாரணை. சுடப்பட்டவரின் முழுப் பெயரை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று விடுதலை. இந்த வழக்கை நீங்கள் ஒரு கல்யாணப் பந்தியில் நடித்துக் காட்டி, பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தாரே. அன்று நீங்கள் என் அக்காவைக் கட்டியதற்காகவே ஊரிடம் பெருமையடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

வாளி என்றதும் மொட்டைமாடிதான். எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

கரண்ட் போன இரவு. நடுமேட்டுக்குச் செங்கல் வரிசை, அதன் மேல் ரஷ்யர்கள் பிடித்துவிட்ட ஆங்கிலேயப் பீரங்கிகளாக நாலைந்து தீப்பெட்டி. மாடியின் அந்தக் கோடியில், பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், ரஷ்யப் பீரங்கி வரிசைக்காக அக்கா துணி அலசுகிற பிளாஸ்டிக் வாளி. டார்ச்சோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, "நான்தான் ராக்லன். எனக்கு எல்லாம் தெரியுது. தீப்பெட்டியைத் தூக்கிட்டுப் போறான், போய்த் தடு" என்றீர்கள். என்னைக் குப்புறப் படுத்து மோவாயைத் தரையில் வைக்கச் சொன்னீர்கள். சிமென்ட்டில் பகல் சூடு இன்னும் இருந்தது. செங்கல் மறைத்ததில் ஒரு தீப்பெட்டிகூடத் தெரியவில்லை.

"அத்தான், எனக்கு வாளிதான் தெரியுது" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, "அப்ப நீயும் வாளிக்குத்தான் போயிருப்பே" என்றீர்கள்.

அந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், உங்களைக் கேட்காமல். முன்பு இங்கே தொடராக எழுதியபோதும் கேட்கவில்லை, உங்கள் பெயரைப் போடவும் இல்லை. தப்புதான். ஆனால் அப்போது பெயர் போட்டிருந்தால் "யாரைக் கேட்டுப் போட்டாய்" என்றிருப்பீர்கள். அப்படி ஒரு நேரம் அது.

அந்த வீட்டு விஷயத்தை இங்கே எழுதப் போவதில்லை. அக்கா படிப்பாள். அவள் சொல்லித் தெருவில் நாலு பேர் படிப்பார்கள். ஒன்று மட்டும். தொட்டி மேல் நின்றவர் நீங்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கீழே கிடந்த எனக்கு வந்தது ஒற்றை வரி, அதுவும் இன்னொருவர் வாயால். ராக்லனின் உத்தரவை அவருடைய அதிகாரி ஏரி (Airey) பென்சிலில் எழுதினார், அதில் எந்தப் பீரங்கி என்றே இல்லை. கொண்டுவந்த நோலனோ கையை வீசி "அதோ எதிரி, அதோ பீரங்கி" என்றார். நம் ஆளும் அப்படித்தான் கையை வீசினார். நான் வாளியைப் பார்த்துப் போனேன்.

திருப்பிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். லூக்கனும் கார்டிகனும் மச்சான்கள். கார்டிகனின் கடைக்குட்டித் தங்கை ஆன் (Anne) என்பவளை 1829இல் லூக்கன் கட்டினார், அவளைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று அண்ணனுக்கு ஆத்திரம். எதிரிலும் இருபுறமும் பீரங்கி இருக்கிறது என்று கார்டிகன் வாளால் சல்யூட் வைத்துச் சொன்னார். தெரியும், ராக்லன் உத்தரவு, வேறு வழியில்லை என்றார் லூக்கன். அவ்வளவுதான் பேச்சு. இன்னும் இரண்டு வார்த்தை பேசுகிற உறவாக இருந்திருந்தால் என்று இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. சுமார் 670 பேர் போனார்கள். ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள், 300க்கும் மேல் குதிரைகள்.

இன்னொன்றையும் நீங்கள் விடமாட்டீர்கள். பீரங்கி வரை முதல் ஆளாகப் போன கார்டிகன், பின்னால் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்காமல் திரும்பிவிட்டார். வந்ததும் பேசியது, தன் முன்னால் குதிரையை விட்ட நோலன் கத்தியதைப் பற்றி. அந்த நோலன் செத்துக் கிடப்பதைக் கனரகக் குதிரைப்படைத் தலைவர் ஸ்கார்லெட் சொல்ல வேண்டியிருந்தது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன், சலுகை இல்லை. அப்பா காரியத்தன்று இலை போடும் முன்பே நான் கிளம்பிப் போனேனே, யார் சாப்பிட்டார்கள், யார் அழுதார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அதை எழுதியபோது அதுவும் நினைவில் இருந்தது.

அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். உங்கள் பெயர் முதலில். பிடிக்காவிட்டால் இரண்டாவதாகப் போடச் சொல்லலாம், எடுக்கச் சொல்லக்கூடாது.

நீங்கள் வரைந்த பள்ளத்தாக்குப் படம் எனக்கு வேண்டும். டிரேசிங் பேப்பரில், ஒரு மூலையில் காபிக் கறையோடு, உங்கள் அலமாரியில்தான் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். மருமகனிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.