ஹேட் கிரீக் ரிம்மில் பிறர் வைத்த தண்ணீரை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல் நீளும் அந்தப் பாதையைத் தமிழில் அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் ஒரு வரி என்னை உறுத்துகிறது. வறண்ட இடங்களில் தன்னார்வலர்கள் குடிநீர் வைத்திருப்பார்கள், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வட கலிஃபோர்னியாவில் அந்தப் பாதை ஏறிச் செல்லும் ஹேட் கிரீக் ரிம் என்ற மேட்டு விளிம்பை ஆகஸ்ட் வெயிலில் நடந்து கடந்தவள் நான். அந்த வரியை நம்பி யாரும் கிளம்பிவிடக்கூடாது.

ஓல்டு ஸ்டேஷன் என்ற சிற்றூரைத் தாண்டினால் ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்குப் பாதையோரம் நம்பத்தக்க நீர்நிலை கிடையாது. நான் ஆறு லிட்டர் சுமந்தேன். தண்ணீர் மட்டுமே ஆறு கிலோ. கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். விடியுமுன் தலைவிளக்கோடு கிளம்பி, வழியில் சப்வே குகையை எட்டிப் பார்த்தேன். எரிமலைக் குழம்பு உள்ளே வடிந்துபோய், வெளியோடு மட்டும் இறுகி நின்ற சுரங்கம் அது. உள்ளே கோடையிலும் சுமார் 8 டிகிரிதான். சற்று நேரத்தில் ஏறிய மேட்டிலோ ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. 1987-ல் பெரிய காட்டுத்தீ அந்த மேட்டை எரித்தது. இன்றும் பெரும்பகுதி புதர்தான். காலடியில் கூர்கூரான கருங்கல், பத்து மணிக்கே கொதிக்கிறது. தெற்கே திரும்பினால் 1915-ல் வெடித்த லாசன் சிகரம், வடக்கே பனி மூடிய சாஸ்தா சிகரம். அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இடப்பக்கம் பல நூறு அடிப் பள்ளத்தில் ஹேட் கிரீக் என்ற ஓடை ஓடுகிறது. கரையோரப் பச்சை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் செங்குத்துச் சரிவில் இறங்கி அதை எட்ட வழியில்லை. நாக்கு வறண்டு கிடக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் நடப்பது பெரிய சோதனை.

மழையும் பனியும் பெய்யாத ஊரில்லை அது. வெடிப்பும் துளையுமான எரிமலைப் பாறை விழுந்த நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. மேலே ஓடை நிற்காது. அதே பாதையில் வடக்கே போனால் பர்னி அருவி வருகிறது. 129 அடி உயரம். நாளொன்றுக்குச் சுமார் 38 கோடி லிட்டர் கொட்டுகிறது, அதுவும் கடும் கோடையில். மேலிருந்து விழுவதோடு, பாறைச் சுவரின் நடுவிலிருந்தும் நூறு நூறு தாரைகளாக நீர் பீறிட்டு வருவதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட நிலத்தில் இறங்கிய நீரெல்லாம் தாழ்வான இடத்தில்தான் ஊற்றாக வெளிவரும். மேட்டில் நடப்பவருக்கு அதில் ஒரு வாய்கூடக் கிடைக்காது.

சாலை 22-ஐப் பாதை கடக்குமிடத்தில் நல்ல மனிதர்கள் தண்ணீர் வைப்பது உண்மைதான். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் போன அன்று அங்கே இருந்தவை காலிக் கேன்கள். பக்கத்தில் ஒரு ஜூனிப்பர் புதரின் துண்டு நிழலில் ஒரு பையனும் பெண்ணும் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆளுக்கு இரண்டு லிட்டரோடு வந்தவர்கள். என்னிடமிருந்து ஒரு லிட்டர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றல் தெளிந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் மூவரும் கிளம்பினோம்.

வைக்கிறவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வண்டி பழுதாகலாம், முன்னே போன கூட்டம் தீர்த்துவிட்டிருக்கலாம். இந்தப் பாதையைப் பேணும் சங்கமே இப்படி வைக்கும் நீரை நம்பிப் புறப்படாதீர்கள் என்றுதான் நடப்பவர்களிடம் சொல்கிறது.

அடுத்த வாரமே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே, ஓல்டு ஸ்டேஷனில் நீர் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதையும், அதற்கப்பால் எத்தனை கிலோமீட்டர் வறட்சி என்பதையும் கட்டம் கட்டிப் போடுங்கள். இந்தக் கோடையில் கிளம்பும் பிள்ளைகள் மூட்டை கட்டுவதற்கு முன்பே அது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா