அண்ணனுக்கு: அந்த வீட்டை வாங்கிவிட்டேன்

அண்ணே,

தையில் நீ வந்து பார்த்துவிட்டுப் போன அந்த விரிசல் விட்ட வீட்டுக்குப் பத்திரம் முடிந்துவிட்டது. ஆவணியில் நல்ல நாள் பார்த்து என் பெயருக்கு மட்டும் பதிந்தாயிற்று. இந்நேரம் யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். கோவில்பட்டியில் நடப்பது சென்னைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அடுத்தவர் வாயால் நீ கேட்கும்படி ஆனதற்கு மன்னித்துக்கொள். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய், நானும் பேனாவை மூடி வைத்திருப்பேன். இத்தனை வருஷமாக நமக்குள் நடந்தது அதுதானே.

ஆடியில் அம்மாவின் முதல் திதிக்கு நீ வந்தபோது சொல்லிவிடத்தான் இருந்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தது, மதினி பக்கத்தில் நின்றார்கள், அப்புறம் நீ ராத்திரி முத்துநகர் ரயிலைப் பிடிக்க ஓடினாய். பத்திரம் முடிந்த பிறகு போட்ட போன் எதையும் நீ எடுக்கவில்லை. இங்கே எழுதினால் படிப்பாய் என்று தெரியும். நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அதனால் தொகை எவ்வளவு, அந்தச் சங்கிலி என்ன ஆயிற்று, நானும் பாப்பாவும் மட்டும் ஏன் வாடகை வீட்டில் கிடந்தோம், இதெல்லாம் இங்கே கிடையாது. நேரில் கேள், சொல்கிறேன்.

தையில் நீ வந்து அடுப்பங்கரை மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தாயே, அன்றைக்குச் சொன்னது எல்லாமே சரி. ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கி, செங்கல் வரிசையில் படிப்படியாக ஏறி, மேல்தளமான மட்டப்பா வரைக்கும் போகிற விரிசல். கீழே மயிரிழைதான். மேலே உன் ஒரு ரூபாய்க் காசு உள்ளே போய்விட்டது. "மேலே போகப் போக அகலுதுன்னா மூலை கீழே இறங்குதுன்னு அர்த்தம்" என்றாய். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில்கூட இந்த வீடு ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று வீட்டுக்காரரின் தம்பி பெருமையாகச் சொன்னார். நீ அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "கரிசல்ல மழைக்கு நிக்கிறது பெரிசில்ல, அடுத்த சித்திரைக்கு நிக்குதான்னு பாக்கணும்" என்றாய். பிறகு காரில் ஏறிவிட்டாய். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மீதியெல்லாம் செய்தேன்.

மாசியில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, ஆவணி வரைக்கும் அவகாசம் கேட்டு அக்ரிமெண்ட் போட்டேன். சாவி என்னிடம் இருக்கும், சுவரில் என்ன சோதனை வேண்டுமானாலும் செய்துகொள்வேன் என்றும் எழுதி வாங்கினேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைப் பிடித்தேன். அவர் விரிசலுக்குக் குறுக்கே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் பதித்து, பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டார். சுவர் அசைந்தால் கண்ணாடி இழுபடாது, முறிந்துவிடும். முன்கட்டிலும் ஒன்று வைக்கச் சொன்னேன். அங்கே விரிசல் பெயருக்குத்தான் இருக்கிறது என்றார். இருந்தாலும் வையுங்கள் என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. முன்பக்கத் தார்சாவைக் கடந்து, நடுக்கூடமான பட்டாசலைக் கடந்து, அடுப்பங்கரைக்குள் நுழையும்போது பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். பங்குனி முழுக்க ஒன்றும் ஆகவில்லை. சித்திரை வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் மேல் கண்ணாடி முறிந்து கிடந்தது. குறுக்கே ஒரே கோடு, இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். நீ சொன்னது சரியாகப் போயிற்றே என்று அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழ்க் கண்ணாடி முறியவில்லை. முன்கட்டுக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

பொறியாளர் இதை எதிர்பார்த்தவர்போல, "இப்பத் தோண்டிப் பாத்துரலாம்" என்றார். வைகாசியில் முன்கட்டை ஒட்டி ஒரு குழி, அடுப்பங்கரை மூலையில் ஒரு குழி. முன்கட்டில் அந்தக் காலத்துக்காரர்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கரிசலைத் தாண்டி, வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் பாறை தட்டுகிறவரைக்கும் போயிருக்கிறார்கள். அதன்மேல் கருங்கல், சுண்ணாம்புக் காரை. கடப்பாரையால் தட்டினால் கணீரென்றது. மூலப் பத்திரம் 1954. அந்தக் கல் இத்தனை வருஷமும் நகரவில்லை. அடுப்பங்கரை பிற்பாடு சேர்த்தது. அங்கே மூன்றடியோடு நிறுத்திவிட்டார்கள். சுக்கான் இன்னும் கீழே இருக்கிறது. அதாவது ஒரே வீட்டில் பாதி பாறைமேல் நிற்கிறது, மீதி கரிசல்மேல் நிற்கிறது. கரிசல் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும்போதெல்லாம் அந்த மூலை மட்டும் தனியாக ஏறி இறங்கியிருக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. மூலைக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கட்டிய குளியலறைத் தண்ணீர் குழாய் உடைந்து நேராக அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் காரையை விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. இந்தப் பக்கம் எட்டடி தள்ளி வேப்பமரம், கோடையில் அது மண்ணில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கிறது. ஒரு பக்கம் சதா ஈரம், இன்னொரு பக்கம் சதா காய்ச்சல். மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் பொறியாளர். ஒரேயடியாக வெட்டினால் அது குடித்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணில் தங்கி, மண் உப்பிக் கிளம்பிச் சுவரைத் தூக்கும். வருஷா வருஷம் கிளை கழித்துக் குறைத்துக்கொண்டு வர வேண்டுமாம். இதை நீ டார்ச் வெளிச்சத்திலேயே யோசித்திருப்பாய். எனக்கு ஏன் சொல்லவில்லை? 'வேண்டாம்' என்பதோடு காரணத்தையும் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே அந்தக் குழியைத் தோண்டியிருக்கலாம்.

அந்தக் குழிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புறவாசல் மண் வாய் பிளந்து கிடந்தது. பாப்பா ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள். எனக்கு ஆச்சி ஊர் பருத்திக் காடு கண்முன்னால் வந்துவிட்டது. மாறு பிடுங்கி முடித்த காடு. நமக்கு முழுப் பரீட்சை லீவு. வெடிப்புக்கு வெடிப்பு தாண்டி விளையாடியதில் என் கொலுசு கழன்று உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் அது தெரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கருப்புக்குள்ளே ஒரு பொட்டு வெள்ளையாய். நீ சட்டையைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற மண்ணில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டாய். விரல் பட்டது என்று கத்தினாய். பட்டதும் மண் சரிந்து அது இன்னும் கீழே போய்விட்டது. நீ எழுந்திருக்கவே இல்லை. கன்னமெல்லாம் கரிசல் ஒட்டி, வேர்வையில் கரைந்து கோடாக வழிந்தது. நான் அழுதுகொண்டே இருந்தேன். கடைசியில் எழுந்து, "அம்மாட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றாய். நீதான் பிடுங்கி விளையாடித் தொலைத்தாய் என்று அம்மாவிடம் சொன்னாய். விளக்குமாறு பிய்கிற அளவுக்கு அடி. ஒரு பேச்சு பேசவில்லை. முதுகில் தேங்காயெண்ணெய் தடவ வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

உன்னைப்போல் ஓர் அண்ணன் யாருக்கும் கிடைக்கமாட்டான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அப்புறம் கொலுசு வாங்கவே இல்லை. உன் ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டியிருந்தது. என் மார்க்கும் உன் மார்க்கும் ஒன்றுதான். நீ பொறியியல் படித்தாய், நான் தபாலில் பி.எட். முடித்தேன். அதை நீ கேட்டு வாங்கவில்லை, வீட்டில் கொடுத்தார்கள், உன்னைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படிப்பை வைத்து என்னிடம் 'வேண்டாம்' சொல்ல வரும்போது, அது யார் காசில் வந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். மதினி படித்தால் வருத்தப்படுவார்கள். மதினி, உங்களைச் சொல்லவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் வந்து இருந்தது எனக்கு மறக்காது.

இடித்துத் தள்ளிவிட்டு அண்டர் ரீம்டு பைல் என்கிற, மண்ணுக்குள் இறக்கும் தூண் போட்டுக் கட்டு என்றாய். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை என்று நாளிதழ் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினாய். மூன்றரை மீட்டர் ஆழம், அடியில் தண்டைவிட இரண்டரை மடங்கு பருத்த குமிழ், வெயிலும் மழையும் எட்டாத ஆழத்தில் அது வீட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அருமையான முறைதான். இடிக்கவும் கட்டவும் ஆகிற செலவுக்கு நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் வாடகை வீட்டில் இருந்து சேர்க்க வேண்டும். அதற்குள் பாப்பா கல்யாணம் ஆகிப் போய்விடுவாள்.

வங்கியிலும் உன்னைப்போலத்தான் பேசினார்கள். கட்டடத்தின் மிச்ச ஆயுள் கடன் தவணையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டுமாம். இந்தச் சுவருக்கு அவர்கள் ஆயுளே போடவில்லை. அதனால் பி.எஃப். பணம், சீட்டுப் பணம், மீதி நான் மேலே எழுத மறுத்தது. மனைக்கு உண்டான விலைதான் கொடுத்தேன். வீடு அதோடு வந்தது. ஒன்றரையடிச் சுவர், சித்திரையிலும் பட்டாசலில் ஃபேன் இல்லாமல் படுக்கலாம், புறவாசலில் கிணறு. அந்த விலைக்குப் புது மனைப்பிரிவில் எனக்கு எத்தனை சென்ட் கிடைத்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

புதுசு என்றால் பயமில்லை என்கிறாயே. 2014 ஜூன் 28, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி சரிந்து 61 பேர் போனார்களே. நீ அப்போது போரூரில் இருந்தாய். உன் குரலைக் கேட்கிறவரைக்கும் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அஸ்திவாரம் எந்த மண்ணில் நிற்கிறது, அதை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். நான் போய்ப் பார்த்தேன்.

இனி வேலையைச் சொல்கிறேன், தப்பாக ஏதாவது இருந்தால் நீ சொல். குளியலறையை இடித்தாயிற்று. தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டைச் சுற்றி மூன்றரையடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டு முடிக்க வேண்டும், மழைத் தண்ணீர் சுவரடியில் நிற்கக் கூடாது, கோடையில் சுவரடி மண் காயவும் கூடாது. பழைய வீட்டுக்காரர் இடுப்பளவுக்கு அடித்து வைத்திருந்த சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கிறார்கள். அது உள்ளே ஈரத்தை அடைத்து வைத்ததில் அதற்கு மேலே செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்து போயிருக்கிறது. காய்ந்த பிறகு சுண்ணாம்புதான் பூசப்போகிறேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டு அரைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் எட்டயபுரம் பக்கம் கிடைத்திருக்கிறார். விரிசலை இப்போது தொட வேண்டாம், மூலை நின்ற பிறகுதான் அடைக்க வேண்டும் என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாசியில்தான் பெரிய வேலை. அடுப்பங்கரை அஸ்திவாரத்துக்குக் கீழே சுக்கான் வரைக்கும் குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, பழைய கல்லுக்கும் அதற்கும் நடுவே இறுக்கி அடைப்பது. ஒரு குழி மூன்று நான்கு அடி நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்துத் தோண்டாமல் ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்ட வேண்டும். ஒரு குழி இறுகாமல் பக்கத்துக் குழியைத் திறந்தால் சுவர் உட்கார்ந்துவிடும். இதை அவசரப்படாமல் செய்கிற ஆள் வேண்டும். இங்கே கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் முழுசாகத் தோண்டிவிடலாம் என்கிறார்கள்.

உன் பழைய சைட்டில் இந்த வேலை செய்த மேஸ்திரி ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். அவருடைய நம்பர் வேண்டும். போனில் பேச வேண்டாம், நம்பரை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டால் நான் வேறு ஆள் தேடிக்கொள்வேன், மாசியில் வேலை தொடங்கிவிடும். முதல் குழி வெட்டுகிற அன்று நீ அங்கே நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும். திதிக்கு வந்ததுபோல் அன்று ராத்திரியே திரும்பிப் போகிறதாக இருந்தால் வரவேண்டாம். பட்டாசலில் உனக்கும் மதினிக்கும் பாய் விரிக்க இடம் இருக்கிறது.

உன் தங்கச்சி